வட்டியா, வரியா, கையில் காசா?

2024 நவம்பரில் பதினேழு நாள் இடைவெளியில் இரண்டு எண்கள் வந்தன. 12ஆம் தேதி வந்தது விலைவாசி: அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். தக்காளி, வெங்காயம், சமையல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 29ஆம் தேதி வந்தது வளர்ச்சி: ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு 5.4 சதவீதம். ரிசர்வ் வங்கி 7 சதவீதம் என்று கணித்து வைத்திருந்த காலாண்டு அது.

முதல் எண்ணைப் பார்த்தால் வட்டியைத் தொடக்கூடாது; குறைத்தால் விலை இன்னும் ஏறலாம். இரண்டாவதைப் பார்த்தால் உடனே குறைக்க வேண்டும். டிசம்பர் 6 அன்று ரிசர்வ் வங்கி நடுவழி ஒன்றைப் பிடித்தது. வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பை மட்டும் 4.5-லிருந்து 4 சதவீதமாக்கியது. வங்கிகளிடம் 1.16 லட்சம் கோடி ரூபாய் விடுபட்டது. சரி, அதற்கு மேல்?

பொருளாதாரம் சுணங்கும்போது முடிவெடுப்பவர்கள் கையில் இருப்பவை சுற்றிச் சுற்றி மூன்றே வழிகள்தான். வட்டியைக் குறைக்கலாம். வரியைக் குறைக்கலாம். இல்லையென்றால் அரசே செலவு செய்யலாம். சாலை போடலாம், கூலி கொடுக்கலாம், வங்கிக் கணக்கில் பணம் போடலாம். முதலாவதைப் பணவியல் கொள்கை என்பார்கள், அது ரிசர்வ் வங்கியின் வேலை. மற்ற இரண்டும் நிதிக் கொள்கை, பட்ஜெட் போடுகிறவர்களின் வேலை. பேரியல் பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு, வளைகோடுகளும் உண்டு. நான் திருப்பூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் மேசையில் உட்காருகிறவன். அந்த வளைகோடுகள் எந்த இடத்தில் சிக்கி நிற்கும் என்பது இங்கிருந்து கொஞ்சம் தெரியும்.

வட்டியின் பெரிய பலம் வேகம். பணவியல் கொள்கைக் குழுவில் மொத்தம் ஆறு பேர். மூவர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூவர் மத்திய அரசு நியமிப்பவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடிப் பேசி முடிவை அறிவித்துவிடுவார்கள். மசோதா வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். காய்கறி விலை இறங்கியதும், 2025 பிப்ரவரி 7 அன்று ரெப்போவை 6.25 ஆக்கினார்கள்; ஏறக்குறைய ஐந்து வருடத்தில் அதுதான் முதல் குறைப்பு. ஏப்ரலில் 6. ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் இறக்கி 5.5. டிசம்பரில் 5.25. பத்து மாதத்தில் ஒன்றேகால் சதவீதம் போய்விட்டது.

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கைமாற்று வாங்கும்போது கொடுக்கும் வட்டி. அது குறைந்தால் நம் வீட்டுக் கடன் ஏன் குறைய வேண்டும்? முன்பெல்லாம் பெரிதாகக் குறையாது. வங்கிகள் தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தன. ரெப்போ ஏறினால் உடனே ஏறும், இறங்கினால் ஆற அமர இறங்கும். 2019 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கும் மிதவை வட்டி வீட்டுக் கடன்களையும் சிறுதொழில் கடன்களையும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டியே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது மூன்று மாதத்துக்குள் குறைப்பு கடன் கணக்குக்கு வந்துவிடுகிறது.

கணக்குக்கு வருகிறது, சரி. கைக்கு வருகிறதா? 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 வருடம், 9 சதவீத வட்டி என்று வையுங்கள். மாதத் தவணை 26,992 ரூபாய். வட்டி 7.75 ஆனால் தவணை சுமார் 24,630 ஆக வேண்டும். மாதம் 2,360 ரூபாய் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய பணம். ஆனால் பெரும்பாலான வங்கிகள், நீங்கள் கேட்டால் ஒழிய, தவணையைத் தொடுவதில்லை. அதே 26,992-ஐ வசூலித்துக்கொண்டு காலத்தைக் குறைத்துவிடும். 240 மாதக் கடன் 197 மாதத்தில் முடியும். கடன்காரருக்கு அது நல்லதுதான், யார் கேட்டாலும் அப்படியே விடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நாட்டின் பொருளாதாரத்தை இந்த மாதமே உசுப்பிவிட வேண்டும் என்று வட்டியைக் குறைத்தவர்களுக்கு அது உதவாது. அந்தக் குடும்பத்துக்கு இந்த மாதச் செலவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை. பலன் பதினாறு வருடம் கழித்துத் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் கிளையில் கடன் வாங்குகிறவர்களைவிட டெபாசிட் போட்டிருப்பவர்கள் பல மடங்கு அதிகம். ரிட்டயர்மென்ட் பணம் 10 லட்சத்தைப் போட்டு வட்டியில் சாப்பிடுகிற பெரியவருக்கு, புதுப்பிக்கும்போது ஒரு சதவீதம் குறைந்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் போயிற்று. அவர் மருந்தைக் குறைக்க மாட்டார்; வேறெதையோ குறைப்பார். வட்டிக் குறைப்பால் செலவு கூடும் என்று சொல்லும்போது இவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பல நேரம் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் சின்னச் சின்னக் கசிவுகள். பெரிய கேள்வி வேறு: கடன் வாங்கவே ஆள் இல்லாவிட்டால்?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. செப்டம்பரில் ஒரு சின்ன பனியன் கம்பெனிக்காரர் மேசைக்கு வந்தார். பேக்கிங் கிரெடிட்டில் அவருக்கு 60 லட்சம் வரை லிமிட் இருக்கிறது. அதில் அன்றைக்கு எடுத்திருந்தது 11 லட்சம். பேக்கிங் கிரெடிட் என்பது ஆர்டர் காகிதத்தைக் காட்டி எடுக்கிற கடன். ஆர்டர் இல்லையென்றால் லிமிட் சும்மா கிடக்க வேண்டியதுதான். அதுவரை ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியிருந்தது. அவர் எடுத்த 11 லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய் சொச்சம் மிச்சம். ஒரு டெய்லருக்கு இரண்டு நாள் கூலிகூடத் தேறாது. வட்டி குறைந்திருக்கிறது என்று நான் சொன்னதும் சிரித்தார். "வட்டி கொறைஞ்சு என்னங்க சார் பண்றது? ஆர்டர் வந்தாத்தானுங்க நூல் வாங்கோணும்."

பாடப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வது அந்த ஒரு வரிதான். வட்டிக் குறைப்பு ஒரு வழியைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். அந்த வழியில் போகிற தேவை யாருக்காவது இருக்க வேண்டும். கையில் ஆர்டரும் மனதில் தெம்பும் இருந்து, வட்டி கட்டுப்படியாகவில்லை என்பதால் தள்ளிப்போடுகிறவர்களிடம் அது நன்றாக வேலை செய்யும். சரக்கு விற்காமல் நிற்பவரிடம் வேலை செய்யாது.

இதை நாடு முழுக்கப் பெரிய அளவில் பார்த்தது 2020-ல். மார்ச் 27 அன்று ரெப்போவை 5.15-லிருந்து 4.4 ஆக்கினார்கள், மே 22 அன்று 4. வங்கிகளிடம் பணம் குவிந்தது. ஆனால் ஏப்ரல் 15 நிலவரப்படி வங்கிகள் அந்தப் பணத்தில் 6.9 லட்சம் கோடியை ரிசர்வ் வங்கியிடமே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டிருந்தன. கடை பூட்டிக் கிடக்கும்போது கடன் கேட்டு யார் வருவார்கள்? வந்தாலும் எந்த மேனேஜர் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்?

அந்த மாதங்களில் வேலை செய்தது மூன்றாவது வழி. ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ இலவச தானியம், ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய், தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பட்ஜெட்டில் ஒதுக்கியிருந்த 61,500 கோடி போக, மே மாதம் இன்னும் 40,000 கோடி. வெளியூர் வேலை போய் ஊர் திரும்பியவர்களுக்குக் கம்மாய்க் கரையில் கூலி கிடைத்தது.

இந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: அது நிற்காது. கூலி வாங்கிய பெண்ணிடம் அன்று மாலையே மளிகைக் கடைக்குப் போய்விடும். கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கொடுப்பார், அவர் லாரி வாடகை கொடுப்பார். இதைத்தான் பெருக்கி என்கிறார்கள். ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 80 பைசா செலவு செய்தால் அரசு போட்ட ஒரு ரூபாய் ஐந்து ரூபாய் வருமானத்தை உண்டாக்கும் என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். நிஜத்தில் அந்த அளவுக்கு வராது. அந்த மளிகைச் செலவில் எண்ணெய் பாக்கெட் இருக்கும். நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, அந்தக் காசு கப்பலேறிவிடும். கொஞ்சம் வாரவட்டிக்காரரிடம் போகும். கொஞ்சம் உண்டியலில் விழும். இருந்தாலும், இல்லாதவர் கையில் கொடுத்த ரூபாய்தான் அதிகம் சுற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காக அரசுச் செலவு எல்லாமே வேகமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கில் பணம் போடுவது வேகம்; பாலம் கட்டுவது அப்படி இல்லை. நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், வழக்கு வரும். 2024-ல் வளர்ச்சி சுணங்கியதற்கே ஒரு காரணம், தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த மாதங்களில் மத்திய அரசின் மூலதனச் செலவு தடைபட்டதுதான். பாலம் நூறு வருடம் நிற்கும், அது வேறு லாபம். ஆனால் மந்தத்துக்கு மருந்து என்று தொடங்கிய வேலை, மந்தம் போய் விலைவாசி ஏறுகிற நேரத்தில் சூடு பிடிப்பதும் உண்டு.

நடுவில் நிற்பது வரிக் குறைப்பு. இதில் எந்த வரி என்பதுதான் எல்லாம்.

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார். மாதச் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்தால் 12.75 லட்சம். அதுவரை 12 லட்சத்துக்கு, செஸ் போக, 80,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அவ்வளவும் மிச்சம். அரசுக்கு நேரடி வரியில் சுமார் ஒரு லட்சம் கோடி குறையும் என்று அமைச்சரே சொன்னார். ஏப்ரலிலிருந்து சம்பளத்தில் பிடித்தம் குறைந்தது, ஆக இதுவும் வேகம்தான். ஆனால் யாருக்கு? நாட்டில் பெரும்பாலோர் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதே இல்லை. சம்பாதிக்கிறவர்கள் மிச்சத்தை முழுக்கச் செலவு செய்வதும் இல்லை. எனக்கும் கொஞ்சம் மிஞ்சியது. வீட்டுக் கடன் அசலில் கட்டினேன். நாட்டின் வளர்ச்சிக்கு என் பங்களிப்பு பூஜ்யம்.

செப்டம்பர் 22 அன்று வந்த ஜிஎஸ்டி குறைப்பு வேறு ஜாதி. 12, 28 சதவீத அடுக்குகள் போயின. பெரும்பாலான பொருள்கள் 5-க்கோ 18-க்கோ வந்தன. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5. டிவி, ஏசி, சிமென்ட், 350 சிசி வரை பைக் 28-லிருந்து 18. வரியோடு ஒரு லட்சம் ரூபாய் இருந்த பைக் 92,200-க்கு வந்தது. வருமான வரியே கட்டாதவரும் பல் தேய்ப்பார், வீட்டுக்கு ஓடு மாற்றி கான்கிரீட் போட நினைப்பார். பலன் எல்லோருக்கும் போகும், அதுவும் பொருள் வாங்கினால்தான் போகும். சேமித்து வைக்க வழியில்லாத வரிக் குறைப்பு என்று இதைச் சொல்லலாம்.

இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்றே பிரதமர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஐந்து வாரம் ஷோரூம்களில் கூட்டமில்லை. "குறையட்டும், பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். விற்பனையைக் கூட்டச் சொன்ன செய்தி, முதலில் விற்பனையைக் குறைத்தது. ரிசர்வ் வங்கி பெரும்பாலும் முன்கூட்டி வாயைத் திறக்காததற்கு நியாயம் இருக்கிறது. அப்புறம், வரி குறைந்தது விலையில் தெரிகிறதா என்பது கடைக்காரர் மனசையும் பொறுத்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எப்படிக் குறைப்பது? எடையைத்தான் கூட்ட முடியும்.

இதுவரை கொடுப்பதைப் பற்றியே பேசினோம். ஒப்பீட்டில் பலர் விட்டுவிடுவது, கொடுத்ததைத் திரும்ப எடுப்பது.

2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரிசர்வ் வங்கி ரெப்போவை 4-லிருந்து 4.4 ஆக்கியது. 2023 பிப்ரவரியில் 6.5. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம் ஏற்றியும் ஊர்வலம் இல்லை, கடையடைப்பு இல்லை. திட்டினார்கள், தவணை கட்டினார்கள். வரியில் இதைச் செய்து பாருங்கள். 12 லட்சம் விலக்கை மறுபடி 7 லட்சமாக்க எந்த அமைச்சர் வருவார்? தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை, 2025-26 பட்ஜெட் போட்டபோது 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அதற்கு ஒதுக்கியது 13,807 கோடி. நல்ல செலவு, மேலே சொன்ன சுற்றுகிற பணம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எந்தக் கட்சி வந்தாலும் அது நிரந்தரச் செலவு. மந்தம் போனதும் நிறுத்திக்கொள்கிற மருந்து இல்லை.

நிறுத்த முடியாத மருந்து என்ன செய்யும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. 2019 தேர்தல் முடிந்ததும் டிசம்பர் 1 முதல், நம் ஜிஎஸ்டி மாதிரியான பெறுமதி சேர் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார்கள். வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை வரம்பை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு வரி வருமானம் மொத்த உற்பத்தியில் சுமார் 8 சதவீதத்துக்கு விழுந்தது. கொரோனா வந்து சுற்றுலாவும் நின்றது. பட்ஜெட் ஓட்டையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு அடைத்தது. அதாவது நிதிக் கொள்கை செய்த தவறைப் பணவியல் கொள்கை மூடி மறைத்தது. 2022 ஏப்ரல் 8 அன்று அதே மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி வட்டியை ஏற்ற வேண்டி வந்தது. நான்கு நாளில் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. வரியை ஏற்றத்தான் வேண்டியிருந்தது: 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. பெட்ரோல் வரிசையில் நின்ற சனத்தின் தலையிலேயே அதுவும் விழுந்தது. உரத் தடை, வெளிநாட்டுக் கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் அந்த வரிக் குறைப்பு இல்லாதிருந்தால் தாங்கியிருக்க இடம் கொஞ்சம் இருந்திருக்கும்.

இரண்டு கொள்கைகளும் ஒன்றையொன்று இழுப்பதும் உண்டு. 2025 ஜூனில் ரெப்போ அரை சதவீதம் இறங்கியது. ஆனால் ஆகஸ்டில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி இறங்காமல் ஏறியது. ஜிஎஸ்டி குறைந்தால் அரசு அதிகம் கடன் வாங்குமோ என்ற பயமும் அதில் ஒரு காரணம். அரசும் அதே சந்தையில்தான் கடன் வாங்குகிறது, நாமும் அதே சந்தையில்தான்.

ஆக, 2024 நவம்பருக்குத் திரும்பினால் நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன்? காய்கறி விலை இறங்கும்வரை வட்டியைத் தொட்டிருக்க மாட்டேன்; இறங்கியதும் குறைத்திருப்பேன். அது சரியாகத்தான் நடந்தது. வரியில்தான் எனக்குச் சண்டை. செப்டம்பரில் செய்ததைப் பிப்ரவரியில் செய்து, பிப்ரவரியில் செய்ததைப் பாதியாக்கியிருப்பேன். அந்த ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கை நூறு நாள் வேலைக் கூலிக்குத் திருப்பியிருப்பேன். பணவீக்கம் 6-ஐத் தாண்டி நிற்கிற காலமாக இருந்தால் இதில் எதுவும் வேண்டாம், வட்டி ஒன்றே போதும்; ஏற்றவும் இறக்கவும் அதுதான் வசதி. 2020 மாதிரி கடை பூட்டிய காலமாக இருந்தால் தலைகீழ்: முதலில் கையில் காசு, வட்டி அப்புறம். எனக்குக் கிடைத்த வரிச் சலுகையை நானே எதிர்க்கிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

எல்லாம் ஒரே வருடத்தில் நடந்ததால் எதற்கு எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2025 ஜூலை–செப்டம்பரில் வளர்ச்சி 8.2 சதவீதம், அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25. படிக்க நன்றாக இருக்கிறது. திருப்பூரில் அந்தத் தீபாவளி அப்படி இல்லை.

நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி வரை கூடுதல் கடனுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அடமானம் வேண்டாம், அரசு முழு உத்தரவாதம். கொரோனா காலத்தில் சிறுதொழிலுக்குச் செய்தது போலவே, பாதி நிதிக் கொள்கை, பாதி பணவியல் கொள்கை. பனியன் கம்பெனிக்காரருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அதுவும் கடன்தானுங்களா சார்?"